மறதி நோய்: வீட்டார் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் டிமென்ஷியா பற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். மருந்தின் அளவு பற்றி எழுதியிருப்பது உங்களுக்கு விளங்குவதற்காக மட்டும்தான். கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் வேலை.

வயதானால் மறதி வரத்தானே செய்யும்? எதற்குக் கவலைப்பட வேண்டும்?

ஒருவர் பெயர் நாக்கு நுனியில் நின்று அரை மணி நேரம் கழித்து ஞாபகம் வருவது, மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் தெரியாமல் தேடுவது எல்லாம் வயதோடு வருபவை. கவலை தர வேண்டிய மறதி வேறு விதம். போன வாரம் பேத்தி கல்யாணத்துக்குப் போய் வந்ததை நீங்கள் எடுத்துச் சொன்னாலும், படத்தைக் காட்டினாலும், அப்படி ஒன்று நடந்ததாகவே தெரியாமல் இருப்பது அந்த விதம். ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் நான்கு முறை கேட்பதும் அப்படித்தான்.

மறதியை மட்டும் பார்க்காதீர்கள். நாற்பது வருடமாகக் கைப்பழக்கமாகச் செய்து வந்த வேலை தடுமாறுகிறதா என்று பாருங்கள். குழம்பு வைக்கும் வரிசை குழம்புகிறது, கடையில் 50 ரிங்கிட் கொடுத்துவிட்டு மீதியை எண்ண முடியவில்லை, தெரிந்த தாமானிலேயே வீட்டுக்குத் திரும்பும் வளைவு தவறுகிறது, பேசிக்கொண்டிருக்கும்போது ‘அது, அந்த இது’ என்று சாதாரணப் பொருளின் பெயரே வராமல் நிற்கிறது, அமைதியான மனிதர் திடீரென்று கடுமையாகப் பேசுகிறார் என்பதெல்லாம் அறிகுறிகள். அடுத்த வீட்டுக்காரரோடு ஒப்பிட வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன் அவர் எப்படி இருந்தார் என்பதுதான் அளவுகோல்.

டிமென்ஷியாவும் அல்சைமரும் ஒன்றா?

இல்லை. நினைவு, மொழி, திட்டமிடல், வழி அறிதல் ஆகியவை குறைந்து அன்றாட வாழ்க்கை பாதிக்கப்படும் நிலைக்கு டிமென்ஷியா என்று பெயர். அதை உண்டாக்கும் நோய்கள் பல. அவற்றில் பெரியது அல்சைமர்; 60 முதல் 70 விழுக்காட்டுக்குக் காரணம் அதுதான் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 1906இல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் முதன்முதலில் இதை விவரித்தார். இது புதிய நினைவுகளில் தொடங்கும். பழைய கதைகள் நீண்ட நாள் தங்கும்.

அடுத்தது ரத்தக்குழாய் சார்ந்த டிமென்ஷியா. சிறிய, பெரிய பக்கவாதங்கள் மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். படிப்படியாக இறங்கும்: சில மாதம் அப்படியே இருக்கும், பிறகு ஒரே நாளில் ஒரு படி கீழே போகும். நம் சமூகம் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மலேசியாவின் 2019ஆம் ஆண்டுச் சுகாதாரக் கணக்கெடுப்பில் இனிப்புநீர் இருந்த பெரியவர்களின் விகிதம் இந்தியர்களிடையேதான் அதிகம், 31.4 விழுக்காடு. இனிப்புநீரும் ரத்த அழுத்தமும்தான் அந்தச் சிறு ரத்தக்குழாய்களைக் கெடுக்கின்றன. அல்சைமரும் இதுவும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் மிகச் சாதாரணம்.

நெற்றிப்பகுதி, பொட்டுப்பகுதி மூளையைத் தாக்கும் இன்னொரு வகை பெரும்பாலும் 45 முதல் 65 வயதில் வரும். அதில் ஞாபகம் நன்றாக இருக்கும், குணம்தான் மாறும். வெட்கம் போய்விடும், இனிப்பையே தின்பார், யார் அழுதாலும் பொருட்படுத்த மாட்டார். வீட்டில் இதைப் புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று நினைத்து வருடங்களை இழப்பார்கள்.

அப்பாவுக்கு வீட்டில் இல்லாத குழந்தைகள் தெரிகிறார்கள். தூக்கத்தில் கத்துகிறார், உதைக்கிறார். பேய்க் கோளாறு என்கிறார்கள். என்ன செய்வது?

இதை லூயி பாடி டிமென்ஷியா என்ற நோயாகத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதன் அடையாளங்கள் நான்கு. ஒன்று, தெளிவான காட்சிகள்: சோபாவில் உட்கார்ந்திருக்கும் சிறு பிள்ளைகள், பூனை, செத்துப்போன அண்ணன். இரண்டு, காலையில் தெளிவு, மதியம் மந்தம் என்று ஒரே நாளில் ஏறி இறங்கும் கவனம். மூன்று, பார்க்கின்சன் போல மெதுவான நடை, விறைப்பு, முன்பக்கம் சாய்ந்த உடல். நான்கு, கனவை நடித்துக் காட்டுவது போலத் தூக்கத்தில் அடிப்பது, உதைப்பது. இந்தக் கடைசி அடையாளம் மறதிக்குப் பல வருடம் முன்பே தொடங்கிவிடும். பக்கத்தில் படுக்கும் அம்மாவிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், மருந்து விஷயத்தில் ஆபத்து இருக்கிறது. இவர்களை ‘அமைதிப்படுத்த’ ஹாலோபெரிடால் போன்ற மருந்து கொடுத்தால் உடல் கட்டை போல் விறைத்து, சுயநினைவு மங்கி, உயிரே போகலாம். எந்த அவசரப் பிரிவுக்குப் போனாலும், ‘லூயி பாடி என்று சந்தேகம் இருக்கிறது, ஹாலோபெரிடால் வேண்டாம்’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அவர் கைப்பையிலும் எழுதி வையுங்கள்.

அந்தக் குழந்தைகள் அவரைப் பயமுறுத்தவில்லை என்றால் வாதாடாதீர்கள். ‘எனக்குத் தெரியலப்பா, ஆனா நான் பக்கத்துலதான் இருக்கேன்’ என்பது போதும். நிழல் விழும் மூலையில் விளக்குப் போடுங்கள், கண்ணாடியை மூடுங்கள், கண் பரிசோதனை செய்யுங்கள். காட்சிகள் குறையலாம். கோயிலில் அர்ச்சனை செய்வதை யாரும் தடுக்கப் போவதில்லை. மந்திரவாதிக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பது வேறு விஷயம். அந்தப் பணம் பராமரிப்புக்குத் தேவைப்படும்.

நேற்று வரை நன்றாக இருந்த அம்மா இன்று யாரையும் அடையாளம் தெரியாமல் உளறுகிறார். டிமென்ஷியா முற்றிவிட்டதா?

பக்கவாதத்தால் ஒரு படி இறங்குவது தவிர, டிமென்ஷியா ஒரே நாளில் முற்றாது. மணிக்கணக்கில், ஓரிரு நாளில் வந்த குழப்பம் டெலிரியம் எனப்படும் அவசரநிலை. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடலில் நீர் வற்றுதல், பல நாள் மலச்சிக்கல், சோடியம் குறைதல், சர்க்கரை சரிதல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவற்றில் ஏதோ ஒன்று இருக்கும். முதியவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலே தொற்று வரும் என்பதால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சமாதானம் ஆக வேண்டாம். கத்துவதற்குப் பதில் எந்நேரமும் தூங்கி வழிவதும் டெலிரியமாக இருக்கலாம், அதைத்தான் அதிகம் தவறவிடுகிறார்கள்.

அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வாய் கோணல், கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் இருந்தால் பக்கவாதம், 999. சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் உறையோடு எடுத்துப் போங்கள், மருத்துவமூலிகைப் பொடி உட்பட.

குணமாகக்கூடிய மறதி உண்டா?

உண்டு, அதனால்தான் ‘வயசாச்சு’ என்று விட்டுவிடக் கூடாது என்கிறோம். நம் வீடுகளில் அதிகம் காண்பது வைட்டமின் பி12 குறைவு. சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கும், மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் எடுப்பவர்களுக்கும் இது வரும். இரண்டும் சேர்ந்த ஒரு பாட்டிக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மறதியோடு பாதம் மரத்துப்போவதும் நடை தள்ளாடுவதும் இருந்தால் பி12 ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். ஊசியோ மாத்திரையோ போட்டால் சரியாகும். தாமதித்தால் நரம்புச் சேதம் முழுதாக மீளாது.

தைராய்டு குறைவு, மனச்சோர்வு, அதிகக் குடி ஆகியவையும் மறதி தரும். பல வருடம் சம்சு குடித்தவருக்கு வைட்டமின் பி1 இல்லாமல் போய், நினைவே புதிதாகப் பதியாத நிலை வரும். குழப்பமும் தள்ளாட்டமும் கண் அசைவில் கோளாறும் தெரிந்தால் உடனே ஊசி தேவை. நடை, சிறுநீர், நினைவு மூன்றும் சேர்ந்து கெட்டால் மூளையில் நீர் தேங்குவது காரணமாக இருக்கலாம். குழாய் வைத்து வடிக்கும் அறுவை சிலருக்கு நல்ல பலன் தருகிறது. குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் பட்டு, ‘ஒன்றுமில்லை’ என்று விட்ட இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகு மந்தமானால், மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கசிந்திருக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் இந்தச் சந்தேகம் இன்னும் வலுவாக வேண்டும்.

மருந்துக் கடையில் சாதாரணமாக வாங்குகிறோமே, குளோர்ஃபெனிரமின் சேர்ந்த ஜலதோஷ மாத்திரையும் டைஃபென்ஹைட்ரமின் சேர்ந்த இருமல் மருந்தும், அவையே மறதியைக் கூட்டும். சிறுநீர்ப்பைக்குத் தரும் ஆக்சிபியூட்டினின், தூக்கத்துக்குத் தரும் அமிட்ரிப்டிலின் ஆகியவையும் அதே வகை. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருந்தாளரிடம் காட்டினால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

முதலில் எங்கே போக வேண்டும்?

உங்கள் பகுதியின் அரசுச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தான். குடிமக்களுக்கு 1 ரிங்கிட் பதிவுக் கட்டணம். அங்கே பார்த்து, ரத்தப் பரிசோதனை எடுத்து, நிபுணருக்குக் கடிதம் கொடுப்பார்கள். கோலாலம்பூரில் கோலாலம்பூர் மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், செராஸில் உள்ள தேசியப் பல்கலைக்கழகத்தின் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை. தீவில் பினாங்கு மருத்துவமனை. பிரிவின் பெயர் முதியோர் மருத்துவம், நரம்பியல், மனநலம் என்று எதுவாகவும் இருக்கலாம். மனநலப் பிரிவு என்று எழுதியிருந்தால் அவமானமாக எண்ணித் திரும்பிவிடாதீர்கள். மூன்று பிரிவிலும் இதே நோயைத்தான் பார்க்கிறார்கள்.

ரத்தத்தில் பார்க்க வேண்டியவை: ரத்த அணு எண்ணிக்கை, சோடியம், கால்சியம், சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை, தைராய்டு, பி12. பிறகு ஒரு முறை தலைக்கு சிடி அல்லது எம்ஆர்ஐ. ஸ்கேனில் ‘வயதுக்கேற்ற சுருக்கம்’ என்று வந்தால் நோய் இல்லை என்று பொருள் அல்ல. ஆரம்ப அல்சைமரில் ஸ்கேன் சாதாரணமாகவே இருக்கலாம். வீட்டார் சொல்லும் விவரமே பாதி நோய் நிர்ணயம். அதனால் முதல் மாற்றம் எப்போது, எந்த வேலையில், பிறகு என்னென்ன என்று தேதியோடு ஒரு பக்கம் எழுதிப் போங்கள். அம்மா எதிரில் சொல்லச் சங்கடமாக இருந்தால் அந்தத் தாளை நர்ஸிடம் முன்கூட்டியே கொடுத்துவிடலாம்.

பரிசோதனையில் மலாயிலும் ஆங்கிலத்திலும் கேள்வி கேட்டார்கள். அம்மா தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு வரைதான். மதிப்பெண் குறைந்தது. நம்பலாமா?

அப்படியே நம்பக் கூடாது. 30 மதிப்பெண்ணுக்கான எம்எம்எஸ்இ, மோகா என்ற நினைவுச் சோதனைகள் இரண்டும் படிப்பையும் மொழியையும் சார்ந்தவை. தோட்டத்துப் பள்ளியில் ஓரிரு வருடம் படித்தவருக்குப் பென்சில் பிடித்துக் கனசதுரம் வரைவதே கடினம், மறதி எதுவும் இல்லாமலே மதிப்பெண் போகும். மோகாவில் 12 வருடமும் அதற்குக் குறைவும் படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் சேர்ப்பார்கள். பள்ளியே போகாதவருக்கு அது போதாது. இரண்டு சோதனைக்கும் தமிழ் வடிவம் இருக்கிறது, கேளுங்கள். தமிழ் பேசும் ஊழியர் யாரும் இல்லையென்றால் மொழிபெயர்க்க உட்காருங்கள், ஆனால் ஒரு விதி: குறிப்புக் கொடுக்கக் கூடாது. ‘அதான்மா, நேத்து வந்தோமே’ என்று உதவும் மகள்தான் நோயை ஒரு வருடம் மறைத்துவிடுகிறாள். சோதனைக்கு முன் காதும் கண்ணும் சரியா என்று பாருங்கள். கேட்காத கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

நோய் வளர வளர, பின்னால் கற்ற மொழிதான் பெரும்பாலும் முதலில் போகும். முப்பது வருடம் அலுவலகத்தில் ஆங்கிலம் பேசிய அப்பா தமிழுக்கே திரும்புவார். ஆங்கிலம் மட்டும் பேசும் பேரப்பிள்ளைகளும், இந்தோனேசியப் பணிப்பெண்ணும் அதற்குத் தயாராக வேண்டும். ‘தண்ணி’, ‘பாத்ரூம்’, ‘வலிக்குதா’, ‘உட்காருங்க’ போன்ற இருபது சொற்களைப் படத்தோடு எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள்.

‘லேசான அறிவாற்றல் குறைபாடு’ என்று எழுதியிருக்கிறார்கள். அது என்ன?

சோதனையில் குறை தெரிகிறது, ஆனால் சமையல், பணம், பயணம் எல்லாம் தானே பார்த்துக்கொள்கிறார் என்பது பொருள். நினைவு மருத்துவமனைகளுக்கு வருபவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காட்டினர் டிமென்ஷியாவுக்குள் போகிறார்கள். பலர் அப்படியே இருப்பார்கள், சிலர் மீளவும் செய்வார்கள். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மீண்டும் பார்க்க வேண்டும்.

மருந்து இருக்கிறதா?

குணமாக்கும் மருந்து இல்லை. அறிகுறியைச் சில காலம் தாங்கிப் பிடிக்கும் மருந்துகள் உண்டு. டொனெபிசில் வழக்கமாக இரவில் 5 மில்லிகிராமில் தொடங்கி, குறைந்தது நான்கு வாரம் கழித்து 10க்குப் போகும். வயிற்றுப்போக்கு, குமட்டல், எடை குறைவு, கெட்ட கனவு வரலாம். கனவு தொந்தரவு என்றால் காலைக்கு மாற்றச் சொல்வார்கள். இதயத்துடிப்பை மெதுவாக்கும். ஏற்கெனவே துடிப்பைக் குறைக்கும் பிசோப்ரோலோல், அட்டெனோலோல் எடுப்பவர் மயங்கி விழுந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

ரிவாஸ்டிக்மின் ஒட்டுப்பட்டையில் நடக்கும் பெரிய தவறு, பழையதை எடுக்காமல் புதியதை ஒட்டுவது. வாந்தி, மயக்கம், மிக மெதுவான துடிப்பு வரை போகலாம். பழையதை எடுத்து, மடித்து எறிந்து, பிறகுதான் புதியது. இடத்தைத் தினமும் மாற்றி, ஒரே இடத்துக்கு 14 நாள் வரை திரும்ப வராதீர்கள். முதுகின் மேல்பகுதி நல்லது, அவர் பிய்க்க எட்டாது. நம் வெயிலில் வியர்த்துக் கழன்று விழும். குளித்து நன்றாகத் துடைத்த தோலில், பவுடர் போடாமல், 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே தொடங்கக் கூடாது, மருத்துவரைக் கேளுங்கள்.

மெமன்டின் நடுநிலைக்கும் கடுநிலைக்கும். வாரம் 5 மில்லிகிராமாக ஏறி 20இல் நிற்கும். சிறுநீரகம் பலவீனமானால் அளவு குறையும்.

லெக்கனெமாப் என்ற ஊசி மருந்தை அமெரிக்கா 2023இல் முழுமையாக அங்கீகரித்தது. ஆரம்ப நிலை அல்சைமருக்கு மட்டும். இறக்கத்தைச் சற்று மெதுவாக்கும், மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் வரலாம் என்பதால் திரும்பத் திரும்ப எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். நோய் முற்றிய அப்பாவுக்காகக் கடன் வாங்கித் தேடும் மருந்து அல்ல இது.

மறதி உள்ள இனிப்புநீர்க்காரர் காலை மாத்திரையைப் போட்டது மறந்து மறுபடி போடுவார். கிளிபென்கிளமைடும் இன்சுலினும் இரண்டு முறை போனால் சர்க்கரை சரிந்து மூளைக்கே அடி. மாத்திரை டப்பாவை அவர் கையில் விடாதீர்கள். சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் தளர்த்தலாமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். இவர்களுக்கு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8 விழுக்காட்டை ஒட்டி இருப்பதே பல சமயம் பாதுகாப்பு.

வல்லாரை, கிங்கோ, தேங்காயெண்ணெய்?

வல்லாரைத் துவையல் நல்ல சாப்பாடு. சாப்பிடுங்கள், மருந்தாக நம்பாதீர்கள். கிங்கோவை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களிடம் பல வருடம் சோதித்து 2008இல் முடிவு வந்தது: டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை. ஆஸ்பிரின், வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவுக்கு இடமுண்டு. தேங்காயெண்ணெய்க்கு நம்பத்தக்க சான்று இல்லை.

மாமியார் தன் சங்கிலியை நான் எடுத்துவிட்டேன் என்று சொந்தக்காரர்களிடம் சொல்கிறார். வெட்கமாக இருக்கிறது.

நோயின் மிகச் சாதாரணமான பேச்சு இது. சங்கிலியை அவரே ஒளித்து வைக்கிறார், வைத்தது பதியவில்லை. பொருள் காணவில்லை என்றால் யாரோ எடுத்திருக்க வேண்டும் என்று மூளை கதையை நிரப்பிக்கொள்கிறது. எந்நேரமும் பக்கத்தில் இருப்பவர்மேல்தான் பழி விழும், அதாவது உழைப்பவர்மேல். ‘நான் எடுக்கலைங்க அத்தே’ என்று வாதாடினால் சந்தேகம் கூடும். ‘ஐயோ, காணோமா? வாங்க சேர்ந்து தேடுவோம்’ என்று சொல்லித் தேடுங்கள். ஒளிக்கும் இடங்கள் ஒருவருக்கு நாலைந்துதான்: அரிசி டின், தலையணை உறை, சாமி மேடைக்குப் பின்னால், மடித்த புடவை. குப்பையைக் கொட்டுமுன் பார்த்துவிடுங்கள்.

உண்மையான நகையைப் படம் எடுத்து, எடை எழுதி, எல்லாப் பிள்ளைகளும் பார்க்க வாட்ஸ்அப் குழுவில் போட்டு, வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். கவரிங் சங்கிலி ஒன்றைக் கழுத்தில் விடுங்கள். வீட்டில் இல்லாத நாத்தனார்களுக்கு நோயை விளக்குவது மகனின் வேலை, மருமகள்மேல் போடாதீர்கள்.

மாலையானால் ‘தோட்டத்துக்குப் போகணும், அம்மா தேடுவாங்க’ என்று கிளம்புகிறார். அந்தத் தோட்டமே இப்போது இல்லை.

ரப்பர் தோட்டம் வீடமைப்பாகிவிட்டது, லயத்தை இடித்து வருடங்கள் ஆகிவிட்டன என்று விளக்கினால் அவருக்கு அது ஒவ்வொரு முறையும் புதிய சாவுச் செய்தி. அவர் கேட்பது பயமில்லாத ஓர் இடம். ‘தோட்டத்துல காலைல பிரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?’ என்று (பிரட்டு என்பது வேலைக்கு முன் ஆள் எண்ணும் வரிசை) பேச்சைத் தொடருங்கள், தேநீர் கொடுங்கள், பத்து நிமிடம் வெளியே நடந்து வேறு வழியாக வீட்டுக்கு வாருங்கள்.

மாலைக் குழப்பத்துக்குக் களைப்பு, பசி, மங்கும் வெளிச்சம் மூன்றும் காரணம். இங்கே வருடம் முழுதும் ஏழு மணி தாண்டித்தான் இருட்டும், ஆனால் மழை மேகம் சூழ்ந்தால் ஐந்துக்கே வீடு இருண்டுவிடும். ஐந்தரைக்குள் எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம், மதியத்துக்குப் பிறகு காப்பி வேண்டாம், அந்நேரத்தில் தொலைக்காட்சிச் சீரியலில் அழுகையும் சண்டையும் ஓட வேண்டாம். வலி, சிறுநீர் முட்டுதல், மலச்சிக்கல் உள்ளதா என்று முதலில் பாருங்கள். தூக்கமருந்தும் மனநோய் மருந்தும் கடைசி வழி. மனநோய் மருந்துகள் டிமென்ஷியா உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்தையும் இறப்பையும் கூட்டுகின்றன.

வெளியே போய்க் காணாமல் போனால்?

24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது தவறான பேச்சு. வீட்டைச் சுற்றி 15 நிமிடம் தேடுங்கள். படுக்கைக்கு அடி, பின்கட்டு, மாடிப்படி, லிஃப்ட், பெரிய லோங்காங் எல்லாம் பாருங்கள். பிறகு உடனே போலீஸ் நிலையம். இன்று உடுத்தியிருக்கும் உடையோடு எடுத்த படம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தினமும் காலையில் ஒரு படம் எடுப்பது இந்த ஒரு நாளுக்காகத்தான். பழைய வீடு, பழைய வேலையிடம், வழக்கமான கோயில், பஸ் நிறுத்தம், எல்ஆர்டி நிலையம் என்று ஆள் பிரித்து அனுப்புங்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ அழைத்துப் போவதென்றால் கூட்டம் குறைந்த முன்நாள் அதிகாலை போங்கள், அவரைக் கவனிக்க மட்டும் ஒருவர் இருக்கட்டும்.

கையில் தொலைபேசி எண் பொறித்த வளையம், அடையாள அட்டையின் நகல் சட்டைப்பையில், கைப்பேசி இடங்காட்டி. கதவில் இரண்டாவது தாழ்ப்பாளைத் தலைக்கு மேலோ கணுக்கால் அருகிலோ போட்டால் பலருக்கு அது கண்ணில் படாது. ஆனால் இரும்புக் கிரில்லை வெளியே பூட்டிவிட்டு அவரைத் தனியாக விட்டுப் போகாதீர்கள். தீப்பிடித்தால் வெளியேற வழியில்லை.

வீட்டில் வேறு என்ன மாற்ற வேண்டும்?

சமைத்து முடித்ததும் எரிவாயுச் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடுங்கள், அடுப்புக் குமிழை மட்டும் நம்பாதீர்கள். சாமி அறையில் எண்ணெய் விளக்கு, கற்பூரம் இரண்டும் ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். மற்ற நேரம் மின்விளக்கு. பூச்சி மருந்தும் குளோரோக்ஸும் பூட்டிய அலமாரிக்கு. குளியலறையில் கைப்பிடி, வழுக்காத பாய், தரையின் நிறத்திலிருந்து வேறுபட்ட கழிப்பறை மூடி. கறுப்புக் கால்மிதியைச் சிலர் குழி என்று நினைத்துத் தாண்டுவார்கள், எடுத்துவிடுங்கள். மோட்டார் சைக்கிள் சாவி மறைந்தே இருக்கட்டும். ‘ஒர்க் ஷாப்பில் இருக்கு’ என்ற பொய் இங்கே மன்னிக்கத்தக்கது.

வீடு, வங்கி, உயில்: எப்போது கையெழுத்து வாங்கலாம்?

ஆரம்பத்திலேயே. நோய் பெயர் வந்த அன்றே ஒருவர் கையெழுத்துத் தகுதியை இழப்பதில்லை. தான் செய்வது புரியும் வரை அவரே தீர்மானிக்கலாம். தள்ளிப்போட்ட குடும்பங்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மலேசியாவில் சாதாரணப் பவர், எழுதிக் கொடுத்தவர் புத்திசுவாதீனம் இழந்ததும் செல்லாது. தேவைப்படும் நேரத்தில்தான் அது கைவிடும். அதற்குப் பிறகு உள்ள வழி 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்கீழ் உயர் நீதிமன்றத்தில் மனு செய்து, அவர் சொத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் நியமனம் வாங்குவது. மருத்துவச் சான்று, வழக்கறிஞர், மாதங்கள், செலவு எல்லாம் ஆகும்.

உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்துப் பெறுபவரோ அவர் கணவன் மனைவியோ சாட்சியானால் அவருக்கு எழுதியது செல்லாது. அதே நாளில் மருத்துவரிடம் ‘தெளிவாக இருக்கிறார்’ என்று எழுதி வாங்கினால் பின்னாளில் தம்பி வழக்குப் போடும்போது உதவும். இபிஎஃப், காப்புறுதி வாரிசு நியமனங்களைப் புதுப்பியுங்கள். மோசடித் தொலைபேசிக்காரர்களுக்கு இவர்கள் சுலப இரை. பணம் போய்விட்டால் உடனே 997ஐ அழையுங்கள்.

அரசு உதவி ஏதும் உண்டா?

பெற்றோரின் மருத்துவம், பராமரிப்புச் செலவுக்கு வருமான வரியில் 8,000 ரிங்கிட் வரை விலக்கு உண்டு. பராமரிப்பாளருக்குக் கொடுத்ததைச் சேர்க்க மருத்துவர் சான்றும் ரசீதும் வேண்டும். பிள்ளையே பராமரிப்பாளர் என்று காட்ட முடியாது. கடுமையான, நீண்டகால நிலையில் மனநல வகையில் மாற்றுத்திறனாளி அட்டைக்குச் சமூகநலத் துறையில் விண்ணப்பிக்கலாம். இரண்டு வருடமாவது மனநலச் சிகிச்சை பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பெட்டாலிங் ஜெயாவில் மலேசிய அல்சைமர் அறவாரியம் பகல் பராமரிப்பும் குடும்பங்களுக்கான கூட்டங்களும் நடத்துகிறது. பார்த்துக்கொள்பவர் உடைந்துபோகும் நிலையில் இருந்தால் சுகாதார அமைச்சின் 15555ஐ அழைக்கலாம்.

அம்மாவுக்கு வந்ததால் எனக்கும் வருமா?

நேரடியாகப் பரம்பரையாக இறங்கும் அல்சைமர் மிக அரிது, நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பெற்றோருக்கு இருந்தால் ஆபத்து கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். லான்செட் மருத்துவ இதழின் 2024 ஆய்வுக்குழு மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டு, அவை முழுதும் நீங்கினால் ஏறத்தாழ 45 விழுக்காட்டு டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. ரத்த அழுத்தம், இனிப்புநீர், கெட்ட கொழுப்பு, புகை, குடி, உடற்பயிற்சியின்மை, தனிமை, காது கேளாமை, பார்வைக் குறைவு, தலைக்காயம் ஆகியவை அதில் அடக்கம். எங்களைக் கேட்டால், நாற்பது வயதில் ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுவதும், காது மந்தமானதும் வெட்கப்படாமல் கருவி வைப்பதும் குறுக்கெழுத்துப் புதிரைவிடப் பலன் தருபவை.

கடைசிக் கட்டத்தில் சாப்பாட்டை வாயில் வைத்தபடி விழுங்க மறுக்கிறார். மூக்குக் குழாய் போடலாமா?

முதலில் வாயைத் திறந்து பாருங்கள்: புண், பல்வலி, வெள்ளைப் படலம். உட்கார வைத்து, மோவாயைச் சற்றுத் தாழ்த்தி, ஒரு தேக்கரண்டி கொடுத்து, விழுங்கிய பின் அடுத்தது. இட்லியைச் சாம்பாரில் மசித்தால் போகும். முறுக்கு, நிலக்கடலை, உதிரியான சோறு, தோசையின் முறுகல் ஓரம் மூச்சுக்குழாயில் மாட்டும். தண்ணீரில் இருமினால் பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் கெட்டிப்படுத்தும் மாவைக் காட்டிக்கொடுப்பார். சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள்.

முற்றிய டிமென்ஷியாவில் குழாய் ஆயுளை நீட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ காட்டப்படவில்லை. அவர் அதைப் பிடுங்குவார், பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டுவார்கள். தொற்று போன்ற தற்காலிகக் காரணத்துக்குச் சில நாள் போடுவது வேறு. ‘சோறு போடாமல் விட்டுவிட்டோம்’ என்று ஊர் பேசுமே என்ற பயத்தில்தான் பல குழாய்கள் உள்ளே போகின்றன. நோய்த்தணிப்புப் பராமரிப்புக் குழுவை அழைத்துக் குடும்பம் முழுதும் ஒரே அறையில் உட்கார்ந்து முடிவெடுங்கள். அவர் கேட்கும் அளவுக்கு, கேட்கும் நேரத்தில், கையால் ஊட்டுங்கள். உதடு காயாமல் ஈரத்துணியால் ஒற்றி, தேங்காயெண்ணெய் தடவுங்கள்.